உயிருரிமைச் சோதனை

ஒலிச்சான்று நிலையத்தின் படியேறும்போதே வெண்பாவுக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. மூன்று மாதமாக அவள் எந்தச் சோதனையிலும் உண்மையாக எதையும் பிரித்தறியவில்லை. ஊகித்துக் குறித்துக்கொண்டிருந்தாள். வெளியில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் மாநிலத்தில் இருக்கும் நான்கு செவியாளர்கள் மூன்றாகிவிடுவார்கள்.

செவியாளரின் வேலையைச் சொல்வது எளிது. கிட்டாரின் ஒலியைப் பெருக்கித் தரும் ஒவ்வொரு ஆம்ப்புக்கும் இப்போது ஒரு நிழல் இருந்தது. கட்டைவிரல் அகலச் சில்லு. பழைய ஆம்ப்பின் கண்ணாடி வால்வுகள் சூடேறும்போது ஒலி எப்படிக் கரகரக்கும், நரம்பை ஓங்கி அடித்தால் மின்னழுத்தம் எப்படி ஒரு கணம் தொய்ந்து மீளும் என்பதையெல்லாம் கணக்குப் போட்டு அப்படியே தந்துவிடும். சுடாது, பழுதாகாது. ஒரு வால்வு ஆம்ப் தின்னும் மின்சாரத்தில் நாற்பது நிழல்கள் ஓடும். மின்பஞ்சத்துக்குப் பிறகு வந்த சட்டத்தில் ஒரே வரிதான்: நிழலிலிருந்து பிரித்தறிய முடியாத மூலத்துக்கு மேடையில் இடமில்லை. செவியாளர் இருபது சுற்றில் பதினைந்தையாவது சரியாகச் சொன்னால் மூலத்துக்கு உயிருரிமை. தவறினால் வால்வுகளை உடைத்துவிடுவார்கள்.

இந்த மூன்று மாதத்தில் வெண்பா பதினோரு ஆம்ப்புகளைக் கேட்டிருந்தாள். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. நிழல்கள் அவ்வளவு தேறிவிட்டனவா, இல்லை தன் காதுதான் போய்விட்டதா என்று அவளுக்கே விளங்கவில்லை.

மூன்றாம் மாடி நடையில் ஒருவர் ஆம்ப்பின் மேலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, வெள்ளைச் சட்டை, கழுத்தில் சின்னச் சிலுவை. பெரம்பூர் டெரன்ஸ். ரிசப்ஷன் கச்சேரிகளிலும் சபைகளின் கன்வென்ஷன் கூட்டங்களிலும் கிட்டார் வாசிப்பவர். இன்றைய கோப்பில் இருந்த பெயர்.

"மேடம், நீங்கதானே கேக்கப் போறீங்க?"

"சோதனைக்கு முன்னாடி நாம பேசக் கூடாது சார்."

"பேச வரல மேடம். லிஃப்ட் வேலை செய்யல, மூணு மாடியும் தூக்கிட்டு வந்தேன். ஒரு நிமிஷம் உக்காந்துட்டுப் போயிடறேன்."

அவள் நகரப் போனாள். அவர் ஆம்ப்பின் கிழிந்த மேல்துணியைத் தடவியபடி, தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்: "நிழல்ல ஒரு குறையும் சொல்ல முடியல. சவுண்டு அதே சவுண்டுதான். ஆனா கையில ஒட்ட மாட்டேங்குது. ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. நூறு வருஷப் பொட்டி மேடம் இது. உடைச்சிட்டாங்கன்னா வேற கிடையாது."

வெண்பா கேட்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் டெரன்ஸ். ஒவ்வொரு சுற்றிலும் அவர் வாசிப்பது ஆம்ப்புக்குப் போகும், அல்லது நிழலுக்குப் போகும். எதற்கென்று அவருக்கும் தெரியாது. இரண்டும் ஒரே ஒலிபெருக்கி வழியாகத்தான் அவளிடம் வரும்.

முதல் சுற்று. அடர்ந்த, சூடான ஒலி. மூலம் என்று குறித்தாள். இரண்டாவது, அதே ஒலி. நிழல் என்று குறித்தாள். எதற்காக என்று கேட்டால் பதில் கிடையாது. மூன்று, நான்கு, ஐந்து. காதுக்குள் தன் இதயம் அடிப்பதுதான் பெரிதாகக் கேட்டது. 'முடிந்தது. இன்றோடு இந்த மனிதரின் பெட்டியும் முடிந்தது' என்று நினைத்துக் கண்களை மூடிக்கொண்டாள்.

ஆறாவது சுற்றில் டெரன்ஸ் பல நரம்புகளைச் சேர்த்து ஒரு கார்டை ஓங்கி அடித்தார். ஒலி தொய்ந்தது, பிறகு மெல்ல எழும்பியது. அது எழும்பும்வரை அவர் காத்திருந்தார். எழும்பியதன் மேல் சாய்ந்துகொள்வதுபோல அடுத்த சுரத்தை வைத்தார்.

ஏழாவது சுற்று. அதே கார்டு, அதே தொய்வு. ஆனால் இந்த முறை கை காத்திருக்கவில்லை. ஒரு மயிரிழை முந்திக்கொண்டு விழுந்தது.

வெண்பா நிமிர்ந்து உட்கார்ந்தாள். நிழல் கணக்குப் போட ஆயிரத்தில் இரண்டு பங்கு நொடி எடுத்துக்கொள்ளும். எந்தக் காதும் அதை உணராது. ஆனால் அவர் கை உணர்ந்திருக்கிறது. மாடியிறங்கும்போது ஒரு படி மட்டும் கொஞ்சம் உயரம் குறைந்திருந்தால் கால் தானாகத் திடுக்கிடுமே, அதுபோல. அதன் பிறகு அவள் ஒலியைக் கேட்கவே இல்லை. கை காத்திருக்கிறதா, முந்துகிறதா என்பதை மட்டும் கேட்டாள்.

இருபதில் பதினெட்டு சரி.

நடையில் டெரன்ஸ் ஆம்ப்பைக் கட்டிக்கொண்டு அழுதார். வெண்பாவுக்கும் கண் கலங்கியது. ஆனால் அவளுடைய சந்தோஷம் வேறு. காது போகவில்லை. இந்த மாநிலத்தில் வேறு யாருக்கும் கேட்காதது அவளுக்குக் கேட்டிருக்கிறது.

நிழல் வடிவமைப்பின் தலைமைப் பொறியாளனும் சோதனைகளின் மேற்பார்வையாளனுமான ரித்விக் அன்று மதியமே அவளைத் தேடி வந்தான். "எதை வச்சுக் கண்டுபிடிச்சீங்க மேடம்? காரணப் படிவம் எழுதணும். 'வேறுபாடு உணரப்பட்டது'ன்னு ஒரே வரி எழுதினாலும் போதும், ஏத்துப்பாங்க."

ஒரு வரியோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மூன்று மாதப் பயம் அவளை நிறுத்தவிடவில்லை. தான் ஊகிக்கவில்லை, தனக்கு நிஜமாகவே கேட்டது என்று யாரிடமாவது நிரூபிக்க வேண்டியிருந்தது.

"வேறுபாடு சவுண்டுல இல்ல ரித்விக். அவர் கையில இருக்கு. ஆம்ப்னா காத்திருக்கார், நிழல்னா முந்தறார். உங்க தாமதத்தைக் கை கண்டுபிடிச்சிடுது."

ரித்விக் விரலால் மேசையில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தான். பிறகு, "கை எப்ப விழும்னு முன்கூட்டியே தெரிஞ்சா தாமதமே இருக்காதே" என்றான், மெதுவாக. அவன் முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கணக்குக்கு விடை கிடைத்தவனின் மகிழ்ச்சிதான் இருந்தது.

இரண்டு மாதத்தில் புதிய சில்லு வந்தது. சோதனையில் பதிவானது, மேடைகளில் பதிவானது என்று டெரன்ஸ் வாசித்த அத்தனையையும் அது கற்றிருந்தது. அவர் விரல் நரம்பைத் தொடும் முன்பே, எங்கே எப்போது தொடும் என்று கணித்து ஒலியைத் தயாராக வைத்துக்கொண்டது. விதிப்படி மறுசோதனை நடந்தது. இந்த முறை இரண்டு பக்கமும் கை காத்திருந்தது. வெண்பாவுக்குப் பத்துதான் சரியாக வந்தது. ஆம்ப்பின் வால்வுகளை உடைத்தார்கள்.

டெரன்ஸ் அவளிடம் கோபப்படவில்லை. அதுதான் அவளை இன்னும் வாட்டியது. "போகட்டும் மேடம். புது நிழல் கையில நல்லாத்தான் ஒட்டுது" என்றார் ஃபோனில். அடுத்த வாரம் மறுபடி அழைத்தபோது குரல் மாறியிருந்தது. "நேத்து வில்லிவாக்கத்துல ஒரு ரிசப்ஷன். நடுவுல நரம்பு அறுந்துடுச்சு. நான் கையை எடுத்துட்டேன் மேடம். பாட்டு நிக்கல."

விரல் எங்கே விழும் என்று தெரிந்த சில்லுக்கு விரல் தேவைப்படவில்லை. மண்டபங்கள் அதைக் கண்டுகொள்ள அதிக நாள் ஆகவில்லை. ஒரு மனிதர் மேடையேறினால் விளக்கு, குளிர்சாதனம், வண்டி என்று எல்லாவற்றுக்கும் மின்சாரம் வேண்டும். சில்லுக்கு வேண்டாம். சட்டத்தில் 'கருவி' என்ற சொல்லே இல்லை, 'மூலம்' என்றுதான் இருக்கிறது என்று யாரோ சுட்டிக்காட்டினார்கள். மனிதரும் மூலம்தான் என்றாகி, டெரன்ஸுக்கே உயிருரிமைச் சோதனைக்கான அழைப்பாணை போனது: தேறாவிட்டால் அவருக்கு இனி மேடையில்லை.

வெண்பா ரித்விக்கிடம் கெஞ்சினாள். "வேற செவியாளரைப் போடுங்க. என்னால முடியாது."

"அவங்க யாருக்கும் அவர் கை தெரியாது மேடம். அவருக்கு இருக்கிற ஒரே வாய்ப்பு நீங்கதான். அவரும் உங்களைத்தான் கேட்டிருக்கார்."

சோதனை நாளன்று டெரன்ஸ் வெளிறிப்போயிருந்தார். சட்டைக் காலர் நனைந்திருந்தது. கேட்பறைக் கதவருகே அவளைப் பார்த்து, "அன்னிக்கு என்னைக் கண்டுபிடிச்சது நீங்கதானே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இந்த முறை சில சுற்றில் டெரன்ஸ் வாசிப்பார், மற்றவற்றில் சில்லு தானாக வாசிக்கும். வெண்பா கண்களை மூடினாள். முதல் சுற்று முடிந்து இரண்டாவது தொடங்கியதுமே அவளுக்கு உடம்பு லேசானது. வித்தியாசம் தெரிந்தது, பட்டவர்த்தனமாக. வாசிப்பது இரண்டு வேறு ஆட்கள்.

ஒன்றில் கை காத்திருந்தது. வேகமான இடத்தில் ஒரு சுரம் நழுவியது. இடம் மாறும்போது விரல் நரம்பில் உரசிக் கீச்சிட்டது. ஏதோ நினைத்துச் சிரித்ததுபோல ஒரு வளைவு வந்தது. மற்றதில் எல்லாம் சுத்தம். ஒவ்வொரு சுரமும் அளந்து வைத்ததுபோல நேராக விழுந்தது. ஒரு பிழை இல்லை, உரசல் இல்லை, எங்கும் சாய்ந்துகொள்ளவும் இல்லை. இயந்திரம் கடைசியில் இயந்திரம்தான் என்று அவள் நினைத்தாள். இருபது சுற்றையும் ஒருமுறைகூடத் தயங்காமல் குறித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் உள்ளங்கை உலர்ந்திருந்தது.

தாளை வாங்கிச் சரிபார்த்த ரித்விக் அதை ஒருமுறை, இரண்டு முறை பார்த்தான். பிறகு உட்கார்ந்துவிட்டான்.

"எத்தனை?" என்றாள்.

"ஒண்ணுகூட இல்ல மேடம். இருபதும் தலைகீழ்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. நடைக் கதவு திறந்தது. முழுக்க நனைந்த சட்டையோடு, இன்னும் விறைப்பாக நின்ற விரல்களைப் பிசைந்தபடி டெரன்ஸ் உள்ளே வந்தார்.

"கேட்டீங்களா மேடம்? ஒரு தப்பு இல்ல! ஒரு வாரமா ராப்பகலா பிராக்டிஸ். பயம் மேடம், எங்க சறுக்கிடுவேனோன்னு. ஒரு சுரம் நழுவ விடல."

வெண்பா ரித்விக்கைப் பார்த்தாள். அவன் தாழ்ந்த குரலில் சொன்னான்: "தலைகீழ்னாலும் இருபது சுற்றும் பிரிச்சிருக்கீங்க. வேறுபாடு நிரூபணம் ஆகிடுச்சு. முழுக்கத் தலைகீழா வந்தா, மூலம் எதுங்கிறதுல செவியாளர் சொல்றதுதான் முடிவு. விதி அப்படித்தான் இருக்கு." அவன் பின்னால் அச்சுப்பொறி ஏற்கெனவே சான்றிதழைத் தள்ளிக்கொண்டிருந்தது. மூலம்: டெரன்ஸ். வடிவம்: சில்லு.

"உயிருரிமை கிடைச்சிடுச்சா மேடம்?" என்று கேட்டார் டெரன்ஸ்.

"டெரன்ஸுக்குக் கிடைச்சிருக்கு" என்றாள் வெண்பா. சான்றிதழை உருவி, 'வடிவம்' என்ற வரி அவர் கண்ணில் படாமல் மடித்துக்கொண்டாள்.

அவர் கண்களை மூடி நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.