நாக்கில்லாத மணி

அந்த மணிக்கு நாக்கே இல்லை. வெளியிலிருந்து மரக்கட்டையால் இடித்தால்தான் ஒலிக்கும். ஆனாலும் லண்டனின் எட்மண்டன் பகுதியில், ஒரு பழம்பொருள் கிடங்கில் அம்பலவாணன் அதைத் துடைக்கும்போது, யாரோ மூச்சைப் பிடித்துப் பிடித்து விடுவதுபோல உள்ளே ஒரு முனகல் எழுந்தது. துணியை எடுத்தான், நின்றது. வைத்தான், தொடங்கியது.

"அண்ணை, இதுக்குள்ள என்னவோ சத்தம்."

பெரியம்மாவின் மகன் கனகலிங்கம் சிரித்தார். இங்கே அவனுக்குப் படுக்க இடமும் இந்த வேலையும் தந்தவர் அவர்தான்.

"உன்ரை வயிறு இரையுதடா. இது கொரியாவில ஒரு புத்த கோயில் மணி. யப்பான்காரன் ஆண்ட காலத்தில, பீரங்கி வார்க்கவெண்டு கோயில் மணியளைப் பிடுங்கினவங்கள். ஒரு இளம் பிக்கு விடமாட்டன் எண்டு இதுக்குள்ள ஒளிச்சவராம். பெரிய பிக்கு, 'இரு, வாறன்' எண்டு சொல்லிப்போட்டுப் போய் ஆமிக்காரரோடை வந்தாராம்."

"பிறகு?"

"அவர் உள்ள இருக்க, மணியை அப்பிடியே நிலத்தில இறக்கிவிட்டாங்களாம். கதையை விட்டிட்டு, பேக்கரியில போய்ப் பாண் வாங்கு."

"சரி, போறன்."

"விசரா! போறன் எண்டு ஆரும் சொல்லுவினமே? திரும்பி வராதவன்தான் அப்பிடிச் சொல்லுவான். போட்டு வாறன் எண்டு சொல்லு."

மார்கழியில் அவனுடைய அகதி வழக்கு தோற்றது. திருப்பி அனுப்பப்பட்ட சிநேகிதன் ஒருவன் கொழும்பு விமான நிலையத்தில் இறங்கியதோடு சரி. பிறகு தகவலே இல்லை. மூன்று மணிக்கே வெளிச்சம் மங்கிய ஒரு பின்னேரம் கனகலிங்கம் ஓடிவந்தார்.

"இமிகிரேசன்காரர் தெருமுனையில நிக்கிறாங்கள். மணிக்குள்ள ஏறு!"

சங்கிலியில், முழங்கால் உயரத்தில் தொங்கிய அந்த ஆளுயர மணிக்குள் அவன் தவழ்ந்து நுழைந்து நிமிர்ந்தான். செம்பின் வாடை, பழைய ஊதுபத்தியின் வாடை, அவற்றுக்கும் அடியில் மனித வியர்வையின் புளித்த வாடை. கைகள் சுவரைத் தடவின. கீறல்கள். அவனுடைய நகங்கள் அவற்றுக்குள் சரியாகப் பொருந்தின. கையை இழுத்துக்கொண்டான்.

கீழே வட்டமாய் வெளிச்சம். அதில் கனகலிங்கத்தின் காற்சப்பாத்துகள்.

"அண்ணை, விட்டிட்டுப் போகாதையுங்கோ."

சப்பாத்துகள் தயங்கின.

"சத்தம் போடாமல் இரு. நான் போறன்."

காலடி தேய்ந்து மறைந்த பிறகுதான் அந்தச் சொல் அவனுக்கு உறைத்தது.

போட்டு வாறன் அல்ல.

போறன்.

வெளியே பாய நினைத்துக் குனிந்தான். அதற்குள் கதவு திறந்தது. கறுப்புச் சப்பாத்துகள். நடுவே அண்ணையின் சப்பாத்துகள். வழக்கமாக நகரசபை ஆட்களிடம் பேசும் அதே பணிந்த ஆங்கிலத்தில் அவர் சொன்னார்: மணிக்குள்தான் இருக்கிறான். என் மனைவியின் விசாவை மறந்துவிடாதீர்கள்.

மேலே சங்கிலி நழுவியது.

வெளிச்ச வட்டம் மெலிந்தது. கோடானது.

"ஐயோ! சங்கிலியை ஆர் விட்டது?" கனகலிங்கம் கத்தினார்.

கோடும் போனது.

இருட்டு.

"அண்ணை..."

அவன் காதருகே இன்னொரு குரலும் யாரையோ அழைத்தது. தெரியாத மொழி. அதே கெஞ்சல்.

பிறகு, மழித்த தலையொன்று, சில்லென்று, அவன் தோளில் சாய்ந்தது.