நாலாவது கொம்பனி சொன்ன பதில்

“மேடம், அந்தக் காரை இன்றைக்கு வெளியில் எடுக்க வேண்டாம்.”

ரெலிபோனில் பேசிய வெள்ளைக்காரப் பெண் அதை ஆங்கிலத்தில் இரண்டு தடவை சொன்னாள்.

இரண்டாவது தடவைதான் றோசலினுக்கு அது விளங்கியது.

1996 ஒக்டோபர். புதன்கிழமை. காலை பதினொரு மணி.

ஸ்காபரோவின் வட எல்லையில் மில்லிக்கன். அங்கே ஸ்ரீல்ஸ் வீதிக்கு அருகே ஒரு வீடு. குசினி மேசையில் ஆறிப்போன தேத்தண்ணி. பக்கத்தில் ஒரு கொப்பி. கொப்பியில் நாலு காப்புறுதிக் கொம்பனிகளின் பெயர்கள்... மூன்றுக்கு எதிரே விலை எழுதியிருந்தது.

நாலாவதற்கு எதிரே ஒன்றும் இல்லை.

றோசலினுக்கு முப்பத்தாறு வயது. மன்னாரில் பிறந்தவள். ஒரு கேக் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலை. புதன்கிழமை அவளுக்கு லீவு. கணவன் யோசப்புக்கு மார்க்கம் என்ற ஊரில், காருக்கு உதிரிப்பாகம் செய்யும் இடத்தில் வேலை. பிள்ளைகள் இல்லை.

வீட்டுக் காப்புறுதியும் கார்க் காப்புறுதியும் வெள்ளிக்கிழமையோடு முடிகின்றன. ஒவ்வொரு வருடமும் அதைப் பார்ப்பது யோசப்தான். வங்கியில் காசை எடுப்பான். ஒரு கிழமைக்குள் கார்க் காப்புறுதிக்கான பிங்க் ஸ்லிப்பையும் வீட்டுப் பத்திரத்தையும் கொண்டுவந்து மேசை லாச்சிக்குள் வைப்பான். அவள் அவற்றைப் பிரித்தே பார்த்ததில்லை.

இந்த வருடம் கூட வேலை செய்யும் தவமணி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. நாலு இடத்தில் விலை விசாரித்துத் தான் நானூறு டொலர் மிச்சம் பிடித்ததாகச் சொல்லிவிட்டாள்.

நானூறு டொலர்!

யோசப்புக்குச் சொல்லாமல் செய்து அவனை அசத்த வேண்டும் என்று றோசலின் நினைத்தாள். அன்று காலை எட்டு மணிக்கே காரை எடுத்துக்கொண்டு ஏஜக்ஸில் இருக்கும் அவனுடைய அக்கா வீட்டுக்குப் போகும்படி யோசப் சொல்லியிருந்தான். அவள் போகவில்லை. ரெலிபோன் முன் உட்கார்ந்துவிட்டாள்.

முதல் கொம்பனி வீட்டுக் கூரையின் வயதுவரை கேட்டது. இரண்டாவது, காத்திருக்கச் சொல்லிப் பாட்டைப் போட்டுவிட்டு நாற்பது நிமிடம் காணாமல் போனது. மூன்றாவது மலிவாகத்தான் தொடங்கியது... ஸ்காபரோ என்று சொன்னதும் விலை எகிறியது.

நாலாவது, அவளுடைய பிங்க் ஸ்லிப்பில் பெயர் இருந்த அதே கொம்பனி. இடையில் இருக்கும் புரோக்கரை விட்டுவிட்டு நேரே கேட்டால் குறையுமோ என்று பார்த்தாள்.

அந்தப் பெண் காப்புறுதி இலக்கத்தைக் கேட்டாள். கம்பியூட்டரில் தட்டினாள். திரும்பக் கேட்டாள்.

பிறகு மெதுவாகச் சொன்னாள். இப்படி ஒரு இலக்கம் எங்களிடம் இல்லை. உங்கள் வீட்டுக்கும் காருக்கும் காப்புறுதி இருந்தது உண்மை. ஆனால் 1993-இல் காசு கட்டாமல் நின்றுவிட்டது. உங்கள் கையில் இருக்கும் ஸ்லிப் எங்களுடையது இல்லை.

மூன்று வருடம்!

இந்த மூன்று வருடத்தில் வீடு எரிந்திருந்தால்... அந்தக் கார் யாரையாவது அடித்திருந்தால்...

றோசலின் லாச்சியில் இருந்த மற்ற ஸ்லிப்புகளையும் எடுத்துப் பரப்பினாள்.

ஒன்றைத் திருப்பினாள். பின்பக்கத்தில் நீல நிற முத்திரை.

எஸ். அருள்நாயகம். காப்புறுதி முகவர். வெக்ஸ்போர்ட்.

அருள்நாயகத்தைத் தெரியாத தமிழர் ஸ்காபரோவில் குறைவு. ஐம்பத்தைந்து வயது. எப்போதும் கோட், கழுத்துப்பட்டி. கல்யாண வீட்டில் முன்வரிசை. வீடு வாங்கிய புதிதில் அவர்தான் இவர்களுக்குக் காப்புறுதி செய்து கொடுத்தவர்.

பெரிய மனிதர்... கள்ளப் பத்திரம் அடித்து விற்கிறாரா?

பயத்தைவிடக் கோபம் முந்திக்கொண்டது. முத்திரையில் இருந்த நம்பருக்கு அடித்தாள். தன் பெயரைச் சொன்னாள். கொம்பனி சொன்னதைச் சொன்னாள். மூன்று வருட ஸ்லிப்பும் கையில் இருக்கிறது, பொலிசுக்குப் போகப்போகிறேன் என்று சொல்லி முடித்தாள்.

மறுமுனையில் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“அண்ணை?”

“தங்கச்சி...” அருள்நாயகத்தின் குரல் மாறியிருந்தது. “யோசப் வீட்டிலயோ?”

“இல்லை. வேலைக்குப் போட்டார்.”

“அப்ப நீங்கள் தனியவோ?”

றோசலின் முன்கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

“உதை வேற ஆருக்கும் சொன்னனீங்களோ?”

“ஏன் கேக்கிறியள்?”

“ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. வெளியில போகாதேங்கோ. முக்கியமாக் காரை எடுக்காதேங்கோ. நான் இப்ப வாறன்.”

தொடர்பு அறுந்தது.

அவர் சொன்னவை காதில் திரும்பத் திரும்பக் கேட்டன.

தனியவோ... ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ... இப்ப வாறன்...

ஓடிப்போய் முன்கதவைப் பூட்டினாள். சங்கிலியைப் போட்டாள். பின்கதவையும் பார்த்தாள். வெக்ஸ்போர்ட்டில் இருந்து மில்லிக்கன் எவ்வளவு தூரம்? இருபது நிமிடம். அவசரமாக ஓட்டினால் பதினைந்து.

யோசப்பின் வேலையிடத்துக்கு அடித்தாள். மேற்பார்வையாளர் எடுத்தார். யோசப் இன்றைக்கு வேலைக்கே வரவில்லையே, சுகமில்லை என்று காலையில் சொன்னாரே என்றார்.

றோசலின் ரெலிபோனை வைத்தாள்.

காலை ஆறரைக்குச் சாப்பாட்டுப் பெட்டியோடு வேலைக்கென்று பஸ் ஏறப்போன மனிதன். அங்கே போகவில்லை என்றால் எங்கே? அருள்நாயகம் முதலில் யோசப்பிடம்தான் போயிருக்கிறாரோ?

“மாதாவே...”

ரெலிபோன் அலறியது.

துள்ளி விழுந்தாள். எடுக்கலாமா? விடலாமா?

ஐந்தாவது தடவை மணி அடித்தபோது எடுத்தாள்.

“றோசி, நீ இன்னும் வெளிக்கிடேல்லையோ?”

யோசப்!

அவன் குரலைக் கேட்டதுமே அழுகை வெடித்தது. தலைகால் இல்லாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். கொம்பனி... கள்ள ஸ்லிப்... அருள்நாயகம் வந்துகொண்டிருக்கிறார்...

யோசப் கடைசிவரை கேட்டான். பிறகு மிக அமைதியாகப் பேசினான்.

“பயப்படாதை. அந்த ஆள் வரமுதல் நீ வீட்டை விட்டு வெளிக்கிடு. ஸ்லிப் எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு காரில ஏறு. நேர அக்கா வீட்டை போ.”

“காருக்குத்தான் இன்சூரன்ஸ் இல்லையே...”

“உயிர் பெரிசோ, இன்சூரன்ஸ் பெரிசோ? நாலு-சீரோ-ஒண்டு ஹைவேயில ஏறினால் இருபது நிமிசம். வேலை முடிய நானும் அங்க வாறன். ஓடு.”

றோசலின் ஓடினாள்.

கைப்பைக்குள் ஸ்லிப்புகளைத் திணித்தாள். செருப்பு ஒன்று கழன்றது. விட்டுவிட்டாள். வீட்டோடு ஒட்டிய கராஜுக்குள் இறங்கினாள். கதவைத் தூக்கினாள். காருக்குள் பாய்ந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள்.

பழைய கார். இருமியது. மறுபடி இருமியது.

பிடித்துக்கொண்டது!

பின்பக்கக் கியரைப் போட்டாள். கார் கராஜை விட்டு வெளியே வந்து சரிவில் இறங்கியது.

அப்போதுதான் கண்ணாடியில் பார்த்தாள்.

ஒரு வெள்ளைக் கார் வீதியில் இருந்து திரும்பி, அவளுடைய வழியை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே கோட், கழுத்துப்பட்டி.

அருள்நாயகம்!

பிறேக்கை மிதித்தாள்.

மிதி அடிவரை போனது. எதிர்ப்பே இல்லை. பஞ்சை மிதித்தது போல இருந்தது.

மறுபடி மிதித்தாள். மறுபடியும் பஞ்சு.

டமார்!

கழுத்து பின்னுக்குப் போய் முன்னுக்கு வந்தது. என்ஜின் நின்றது. எங்கோ கண்ணாடி உதிரும் சத்தம்.

அவள் நாலு கதவையும் பூட்டினாள். வெளியே அருள்நாயகம் தள்ளாடி இறங்கினார். நெற்றியில் இரத்தம். கையில் தாள்கள் நிறைந்த ஒரு கோவை.

அவளுடைய பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார்.

“தங்கச்சி, கதவைத் திறவுங்கோ.”

அவள் ஹோர்னை அழுத்திப் பிடித்தாள். அக்கம்பக்கம் யாராவது வரட்டும். வீதி வெறிச்சோடிக் கிடந்தது. எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள்.

அவர் தட்டுவதை நிறுத்தினார். கோவையில் இருந்து ஒரு தாளை உருவி, கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தார்.

“இதில இருக்கிறது உங்கட கையெழுத்தோ? அதை மட்டும் சொல்லுங்கோ. நான் போயிடுறன்.”

அவள் பார்க்கக்கூடாது என்றுதான் நினைத்தாள்.

பார்த்தாள்.

ஆயுள் காப்புறுதி விண்ணப்பம். பெயர், றோசலின். தொகை ஐந்து லட்சம் டொலர். விபத்தில் இறந்தால் இரண்டு மடங்கு. காசு சேர வேண்டியவர், கணவன் யோசப்.

கீழே ஆங்கிலத்தில் ஒரு கையெழுத்து.

றோசலின் வாழ்நாளில் ஆங்கிலத்தில் கையெழுத்து வைத்ததில்லை. வங்கியிலும் தமிழ்தான். குடியுரிமைப் பத்திரத்திலும் தமிழ்தான்.

ஹோர்னில் இருந்த கை தானாக விலகியது.

காலையில் வேலைக்கென்று போனவன்... வேலையிடத்தில் இல்லாதவன்... வேலை முடிய வருகிறேன் என்றானே!

கண்ணாடியை ஒரு விரல் அளவுக்கு இறக்கினாள்.

அருள்நாயகம் மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். தொண்ணூற்று மூன்றோடு யோசப் வீட்டுக் காப்புறுதியையும் கார்க் காப்புறுதியையும் தன்னிடம் நிறுத்திவிட்டான். வேறு இடத்தில் மலிவு என்றான். இந்த வருடம் சித்திரையில் திரும்பி வந்தான். மனைவிக்கு ஆயுள் காப்புறுதி வேண்டும், எந்தக் கொம்பனியில் குறைவு என்று கேட்டான். மனைவி வெட்கப்படுவாள், கையெழுத்தை வீட்டில் வாங்கி வருகிறேன் என்று தாளைக் கொண்டுபோனான்.

“ஐஞ்சு கொம்பனியில விலை கேட்டவர், தங்கச்சி. விபத்துக்கு ஆர் கூடக் குடுப்பினம் எண்டு திருப்பித் திருப்பிக் கேட்டவர். நானும் கொமிஷனைப் பாத்தன். உங்கட முகத்தைப் பாக்கேல்லை. அது என்ர பிழை.”

“அப்ப... அந்த ஸ்லிப்புகள்?”

“என்ர முத்திரையை ஆரோ வெட்டி ஒட்டிப் போட்டோக்கொப்பி எடுத்திருக்கினம். நீங்கள் போனில சொன்ன உடன எனக்கு விளங்கிட்டுது. உங்களுக்குத் தெரியாமல் மூண்டு வருசம் கள்ள ஸ்லிப் வைச்ச மனுசன், ஆயுள் பொலிசியை மட்டும் உங்களுக்குத் தெரிஞ்சோ எடுத்திருப்பார்?”

“ஏன் போனில சொல்லேல்லை?”

“புருசன் உங்களைக் கொல்லப் பாக்கிறார் எண்டு போனில சொன்னால் நம்புவீங்களோ? அதோட உடன அவருக்கே போன் அடிச்சுக் கேட்டிருந்தால்?”

றோசலின் கதவைத் திறந்து இறங்கினாள். ஒரு காலில் செருப்பு இல்லை. குளிர் உள்ளங்காலில் ஏறியது.

கராஜுக்குள் பார்த்தாள். கார் நின்ற இடத்தில், சீமெந்துத் தரையில், ஈரமாக ஒரு திட்டு.

பிறேக் எண்ணெய்.

பிறகு பொலிஸ் மெக்கானிக் வந்து அதை விளக்கினார். பிறேக் குழாயின் நட்டு வேண்டுமென்றே தளர்த்தப்பட்டிருந்தது. எட்டு மணிக்குப் புறப்பட்டிருந்தால் முதல் சில சந்திகளில் பிறேக் பிடித்திருக்கும். நெடுஞ்சாலையில், லொறிகளுக்கு நடுவில்தான் கைவிட்டிருக்கும். அவள் மூன்று மணி நேரம் ரெலிபோனில் இருந்ததால் எண்ணெய் முழுவதும் கராஜிலேயே சொட்டித் தீர்ந்துவிட்டது.

பாட்டைப் போட்டுவிட்டு அவளைக் காக்க வைத்த இரண்டாவது கொம்பனிக்கு அந்தப் புண்ணியத்தில் நாற்பது நிமிடப் பங்கு!

யோசப்பை வெக்ஸ்போர்ட்டில் ஒரு டோனட் கடையில் பிடித்தார்கள். காலையில் இருந்து அங்கேதான். தெரிந்தவர் வந்தால் எல்லாருக்கும் கோப்பி வாங்கிக் கொடுத்து, தன்னை நன்றாக நினைவு வைத்திருக்கும்படி நடந்துகொண்டான்.

அவனைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுவந்த சார்ஜன்ட் ஒரே ஒரு வசனம்தான் சொன்னார்.

“உங்கள் மனைவி சம்பந்தமாகப் பேச வேண்டும்.”

யோசப் தலையில் கை வைத்தான். தோள் குலுங்கியது. கண்ணீர்கூட வந்தது.

“நாலு-சீரோ-ஒண்டிலயோ? எந்த இடத்தில அடிபட்டவள்? உடனயே முடிஞ்சுதோ?”

சார்ஜன்ட் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விபத்து என்று ஒருவரும் அவனிடம் சொல்லவில்லை.

பக்கத்து அறைக் கதவு திறந்தது. றோசலின் நின்றாள். யாரோ கொடுத்த பெரிய பூட்ஸ் காலில்.

யோசப்பின் அழுகை நின்றது. வாய் திறந்தபடியே இருந்தது.

“ஏன்?” என்று மட்டும் அவள் கேட்டாள்.

பதிலை அவனுடைய சட்டைப் பையில் இருந்து சார்ஜன்ட் எடுத்தார். யூனியன்வில்லில் நாலு அறை வீடு ஒன்றுக்கு எழுதிய ஒப்பந்தம். வாங்குபவர் இடத்தில் யோசப்பின் பெயர் மட்டும்தான் இருந்தது. அவளுடையது இல்லை.

அவனைக் கூட்டிப் போனார்கள். திரும்பிப் பார்க்காமல் போனான்.

றோசலின் சுவரோரம் கிடந்த நீள வாங்கில் உட்கார்ந்தாள். பதின்மூன்று வருடம் ஒரே கட்டிலில் படுத்தவன்! காலையில் அவன் குடித்த கோப்பையை அவள்தான் கழுவி வைத்தாள்.

நெற்றியில் பிளாஸ்ரரோடு அருள்நாயகம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“வருசா வருசம் வீட்டுக்கும் காருக்கும் எண்டு எடுத்து வைச்ச காசைத்தான் உங்கட ஆயுள் பொலிசிக்குக் கட்டியிருக்கிறார்,” என்றார் மெல்ல.

“நான் செத்திருந்தால் அவருக்கு எவ்வளவு கிடைச்சிருக்கும், அண்ணை?”

“ஒரு சதமும் கிடைச்சிராது. உங்கட கையெழுத்து இல்லாத பொலிசி செல்லாது. ஐஞ்சு கொம்பனியில விலை கேட்ட மனுசன், பொலிசியில எழுதினதை மட்டும் வாசிக்கேல்லை.”

மொழிபெயர்ப்புக்கு வந்திருந்த அனோஜா என்ற இளம்பெண் ஒரு படிவத்தோடு முன்னால் வந்து உட்கார்ந்தாள். பெயர் கேட்டாள். விலாசம் கேட்டாள். அடுத்த வரியில் பேனா தயங்கியது.

“அன்ரி... மரிட்டல் ஸ்டேட்டஸ் எண்டு கேக்குது. மரீட் எண்டு போடவோ?”

றோசலின் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“இப்போதைக்குப் போடும், பிள்ளை. ஆனால் உதை நான் றினியூ பண்ணப்போறதில்லை.”