குச்சி இருந்த இடம்

வாருங்கள் பிள்ளைகளே, இந்தப் பள்ளியின் வாசலில் வந்து நில்லுங்கள். இங்கே ஓர் அநீதி நடந்துகொண்டிருக்கிறது. அதற்கு நீங்களே சாட்சி!

வாசலிலிருந்து படிக்கட்டு வரை ஒரு பாதை போகிறது. அதன் ஓரமாக, சுவரை ஒட்டி, நாற்பதடி நீளத்தில் ஒரு பூப்பாத்தி. அதில் இன்று ஒரு செடி இல்லை, ஒரு சருகுகூட இல்லை. வழித்துத் துடைத்த தட்டைப்போலக் கிடக்கிறது மண். அதன் அருகே தலைகுனிந்து நிற்கிறவர் தோட்டக்கார அக்கா. அவர் செய்த குற்றம் எதுவுமில்லை. ஆனால் வசவு மட்டும் அவருக்கு!

"ரெண்டு நாள் லீவு போட்டீங்க, சரி. ஆனா செடி ரெண்டு நாள்லயா செத்துப்போகும்?" என்றார் தலைமையாசிரியை. "பாவம், பிள்ளைங்கதான் காஞ்சதையெல்லாம் பிடுங்கிச் சுத்தம் பண்ணியிருக்காங்க. திங்கட்கிழமை சிமென்ட் போட்டுடலாம். சைக்கிள் நிறுத்தவாவது ஆகும். இனிமே இங்க தோட்ட வேலையும் கிடையாது."

அக்கா வாயைத் திறந்தார். ஆனால் தலைமையாசிரியை அதற்குள் திரும்பி நடந்துவிட்டார்.

ஐந்தாம் வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. பள்ளி வைத்த பெயர் 'சுத்தம்'. வகுப்பின் தூய்மைத் தலைவி அவள்தான். பென்சில் சீவிய தூள் தரையில் விழுந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. அடுத்த வகுப்புக் கரும்பலகை அழுக்காக இருந்தாலும் போய்த் துடைத்துவிட்டு வருவாள்.

நேற்று அந்தப் பாத்தியையும் அப்படித்தான் துடைத்தாள். உடனிருந்தவள் அவளுடைய தோழி. ஓயாமல் பேசுவதால் அவளுக்குத் 'தவளை' என்று பெயர்.

"எல்லாம் செத்துப்போச்சுடி. தொட்டாலே நொறுங்குது பாரு," என்றாள் தவளை.

"அப்ப பிடுங்கு. நாளைக்கு விருந்தாளிங்க வராங்க. மானம் போயிடும்."

"இந்தக் குச்சியெல்லாம்?"

ஒவ்வொரு காய்ந்த தண்டின் அருகிலும் ஓர் ஐஸ் குச்சி குத்தியிருந்தது.

"யாரோ தின்னுட்டுக் குத்தி வெச்சிருக்காங்க. குப்பையில போடு."

"அக்கா வந்ததும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா?"

"குப்பையைப் பொறுக்க யாராவது அனுமதி கேப்பாங்களா?" என்று சிரித்தாள் சுத்தம். ஒரு செடி மட்டும் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. மண்வெட்டியால் ஓங்கி ஒரு போடு போட்டாள். வந்துவிட்டது.

இன்று மாலை மணி அடித்ததும் அவள் கால்கள் வீட்டுக்குப் போகவில்லை. பள்ளிக்குப் பின்னாலிருந்த குப்பைமேட்டுக்குப் போயின. செத்த செடிதான் என்று தன் கண்ணால் இன்னொரு முறை பார்த்துவிட்டால் மனம் ஆறும் என்று நினைத்தாள்.

ஒரு தண்டைத் தூக்கினாள். மேலே சருகு, கீழே கொழுத்த, ஈரமான வேர். அதன் உச்சியில், ஈறைப் பிளந்துகொண்டு வரும் பால்பல்லைப்போல, ஓர் இளஞ்சிவப்பு மொட்டு.

உயிர்!

பக்கத்தில் குச்சிகள் சிதறிக் கிடந்தன. ஒன்றைப் புரட்டினாள். மறுபக்கத்தில் பேனாவால் எழுதியிருந்தது: 'வாயாடி. தூங்குறா. குளிர் போனதும் எழுந்திருப்பா.' அடுத்தது: 'கூச்சக்காரி. தொடாதீங்க.' இன்னொன்று: 'சோம்பேறி. மூணு வருஷம் பூக்காம ஏமாத்திட்டான். இந்த வருஷம் பூப்பான்.'

எழுத்தெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்திருக்கிறது. நேற்று ஒரே ஒரு குச்சியைக்கூட அவள் திருப்பிப் பார்க்கவில்லை.

மண் அப்பிய கைகளோடு தலைமையாசிரியையின் அறைக்குள் ஓடினாள்.

"சுத்தமா இது? என்ன கோலம்மா?"

"டீச்சர், செடி சாகலை. தூங்கிட்டு இருந்துச்சு. நான்தான் பிடுங்கினேன். அக்கா மேல தப்பே இல்ல. காலையில நீங்க திட்டினப்பவே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

மேசைமேல் அவள் வைத்த வேரைத் தலைமையாசிரியை தொட்டுப் பார்த்தார், குச்சிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "நீ மட்டுமில்ல. நானும் அவங்களை ஒரு வார்த்தை கேக்கலை."

சிமென்ட் வேலை நின்றது. அன்று மாலையே தலைமையாசிரியை அக்காவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு வந்தார். சனிக்கிழமை காலை அக்கா வந்தார். சுத்தமும் தவளையும் வந்தார்கள். குப்பைமேட்டிலிருந்து பொறுக்கி ஈரத் துணியில் சுற்றி வைத்திருந்த இருபத்திரண்டு வேர்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, மொட்டு மேலே பார்க்க, மண்ணுக்குள் வைத்தார்கள். எது யார் என்று அக்கா வேரைப் பார்த்தே சொல்ல, அவரவர் குச்சியைப் பக்கத்தில் குத்தினார்கள்.

அக்கா கோபிக்கவே இல்லை. அதுதான் சுத்தத்துக்கு இன்னும் வலித்தது.

"அக்கா, டீச்சர் திட்டினப்ப நீங்க ஏன் சொல்லலை?"

"யாரும்மா கேட்டாங்க?"

தவளை குனிந்து அடுத்த வேரை எடுத்துக் கொடுத்தாள்.

குளிர் போனது. முதலில் எழுந்தவள் வாயாடிதான்; பத்தே நாளில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டாள். கூச்சக்காரி ஒரு மாதம் கழித்து மெல்லத் தலைநீட்டினாள். மொத்தம் பதினாறு எழுந்தன. ஐந்து வரவேயில்லை. கடைசியாக மிஞ்சியது சோம்பேறி.

சுத்தம் தினமும் போய் அவன் குச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எழுந்திருடா, போதும்," என்று கெஞ்சினாள். ஒரு நாள் அக்கா மண்ணைக் கிளறிப் பார்த்தார். வேர் நடுவில் பிளந்து கறுத்திருந்தது. மண்வெட்டி விழுந்த இடம் அது.

"இதே செடிக்கு வேற விதை இருக்கு. போடலாம்," என்றார் அக்கா.

"எப்பக்கா பூக்கும்?"

"நாலாவது வருஷம்."

அந்தப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. சுத்தம் விரல்விட்டு எண்ணினாள். அவன் பூக்கும்போது அவள் இங்கே இருக்கமாட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டதில் கன்னமெல்லாம் மண்ணானது. அதைத் துடைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

விதையை ஊன்றினாள். புதிய குச்சியில் பெரிய எழுத்தில் எழுதி, எழுத்து பாதையைப் பார்க்கும்படி குத்தினாள்: 'இங்கே ஒருத்தன் தூங்குறான். சந்தேகமா? அக்காவைக் கேளுங்க.'

சாட்சிகளே, பார்த்தீர்கள் அல்லவா? பார்த்துவிட்டுச் சும்மா போகாதீர்கள். உங்கள் பள்ளியிலும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற ஒருவர் இருப்பார். நாளைக்கே அவரைத் தேடிப் பிடியுங்கள். "இந்த மண்ணுக்குள்ள யார் யார் தூங்குறாங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை நின்று கேளுங்கள்!