நின்ற இடத்தில் டீசல் குடித்த வேன்

"லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் குடுக்க வேண்டிய வண்டி எட்டுதான் குடுக்குது. மீதி நாலு எங்க போச்சு?"

முதலாளியின் குரல் பெட்ரோல் பங்க் முழுவதும் கேட்டது. பள்ளி வேனின் பின் இருக்கையில் இருந்த எக்ஸ்பிரஸ் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். திட்டு அவளுக்கு இல்லைதான். ஆனாலும் பெரியவர்கள் சத்தம் போடும்போது குனிந்துகொள்வது நல்லது என்பது அவளுடைய அனுபவம்.

எக்ஸ்பிரஸ் என்பது அவளுடைய நிஜப் பெயர் இல்லை. தினமும் வேனுக்குத் தாமதமாக வருகிறவளுக்கு, அதை ஓட்டுகிற வேன் மாமா வைத்த பெயர். ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். காலையில் முதலில் ஏறுவதும் மாலையில் கடைசியாக இறங்குவதும் அவள்தான். வீடு பங்க்குக்கு அடுத்த தெரு என்பதால், டீசல் போடும் நாளில் அவளும் கூடவே வருவாள்.

"டயர்ல காத்து பார்த்தாச்சு. ஏர் ஃபில்டர் மாத்தியாச்சு. பிரேக் பிடிச்சுக்கிட்டு நிக்குதான்னும் மெக்கானிக் பார்த்துட்டாரு. டேங்க்ல ஒழுகல் இல்ல. வண்டியில ஒரு குறையும் இல்லைன்னா, குறை யாருகிட்ட இருக்கு?"

முதலாளி வேன் மாமாவின் முகத்தையே பார்த்தார். எப்போதும் வாய் ஓயாமல் கேலி பேசுகிற வேன் மாமா, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்ப டேங்கை நிரப்பியாச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மறுபடியும் நிரப்புவேன். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டரைத் தாண்டலேன்னா, சாவியை வச்சுட்டுப் போயிடு. டீசலை எடுத்து வெளியில விக்கிற ஆள் எனக்கு வேண்டாம்."

எக்ஸ்பிரஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வேன் மாமாவா திருடுவார்? இருக்கைக்கு அடியில் கிடந்த ஒற்றை ரப்பரைக்கூட, "யாரோடது, யாரோடது?" என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர்!

"ஏன் மாமா ஒண்ணுமே சொல்லல?" என்று வீடு வந்ததும் கேட்டாள்.

"சொல்ல ஒண்ணும் இல்ல கண்ணு. நீ போய் வீட்டுப்பாடம் எழுது." சிரித்தார். அந்தச் சிரிப்பு நன்றாகவே இல்லை.

மறுநாள் புதன்கிழமை. வாசலில் ஹாரன் அடித்தபோது எக்ஸ்பிரஸ் ஒரு காலில் சாக்ஸோடு இன்னொரு சாக்ஸைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"இதோ வந்துட்டேன்!" என்று உள்ளேயிருந்தே கத்தினாள்.

வந்துட்டேன் என்றால் வந்து முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் நம் ஊரில் அதைச் சொல்கிறவர் எவரும் வந்திருக்க மாட்டார். பாதிப் பேர் கிளம்பியே இருக்க மாட்டார்கள்.

கட்டிலுக்கு அடியில் சாக்ஸ் கிடைத்தது. நிமிர்ந்தபோது ஜன்னல் வழியாக வேன் தெரிந்தது. ஓரடிகூட நகராமல், உடம்பு நடுங்க, டுர்ர்ர் என்று உறுமிக்கொண்டு நின்றது.

அவள் கையில் சாக்ஸோடு அப்படியே நின்றுவிட்டாள். வண்டி நிற்கிறது. ஆனால் எஞ்சின் ஓடுகிறதே!

ஓடிப்போய் ஏறியவள், மூச்சு வாங்கக் கேட்டாள்: "மாமா, வண்டி நிக்கும்போதும் டீசல் குடிக்குமா?"

"குடிக்காம? ஏசி வேற ஓடுது. நின்னாலும் குடிச்சுக்கிட்டேதான் இருக்கும். கிலோமீட்டர் மட்டும் ஏறாது."

"அப்ப அணைச்சுட்டு நிக்கலாம்ல?"

"அணைச்சா யாரு தள்ளுறது? பேட்டரிக்கு வயசாயிடுச்சு. கொஞ்ச நேரம் தூங்கவிட்டா ஒரு தடவை எழும்பும். உடனே ரெண்டாவது தடவை எழுப்பினா குறட்டைதான். புதுசு கேட்டு ஆறு மாசம் ஆச்சு. அடுத்த மாசம், அடுத்த மாசம்னு முதலாளி சொல்லிக்கிட்டே இருக்காரு."

எக்ஸ்பிரஸ் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். தன் வீட்டில் நின்ற நேரத்தை மாமாவிடம் கேட்டு, நான்கு நிமிடம் என்று முதலில் எழுதினாள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நேரத்தைக் குறித்தாள். இரட்டையர் வீட்டில் மூன்று நிமிடம். எட்டாம் வகுப்புச் சீப்பு அண்ணன் வீட்டில் ஆறு நிமிடம். அவன் தலைவாரி முடிப்பதற்குள் இரண்டு பேருந்துகள் கடந்து போயின. எல்லா வீட்டிலிருந்தும் ஒரே பாட்டு: "இதோ வந்துட்டேன்!"

மொத்தம் பதினொரு வீடுகள். கூட்டிப் பார்த்தாள். முப்பத்தெட்டு நிமிடம்.

திருடியவர்கள் யார் என்று தெரிந்துவிட்டது. பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. அவளுக்கு அழுகை வந்தது.

முதலாளியிடம் ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். அப்போது முன் கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருந்த காகிதம் கண்ணில் பட்டது. 'எந்த வீட்டிலும் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது. இப்படிக்கு, முதலாளி.'

வேன் மாமா வாய் திறக்காததன் காரணம் இப்போது புரிந்தது. உண்மையைச் சொன்னால், நாளையிலிருந்து பிள்ளைகளை வாசலிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். அதற்கு அவருக்கு மனம் வராது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று ஆகிவிட்டது.

அன்று மாலை, வேன் மாமா தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில், எக்ஸ்பிரஸ் இருக்கை மேல் ஏறி நின்று எல்லாவற்றையும் சொன்னாள்.

"நான் ஒருத்தன் சீக்கிரம் வந்தா என்ன பெருசா மிச்சமாகப் போகுது?" என்றான் சீப்பு அண்ணன்.

"ஆறு நிமிஷம் அண்ணா. உங்களுக்குத்தான் முதல் பரிசு."

அவன் சீப்பைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். "சரி, நாளைக்கு வேன்லயே வாரிக்கிறேன்."

வியாழக்கிழமை வேன் மாமா மிரண்டுபோனார். பதினொரு வாசலிலும் பிள்ளைகள் பையோடு தயாராக நின்றார்கள். "என்ன கண்ணுங்களா, இன்னைக்கு உலகம் அழியப் போகுதா?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமையும் எக்ஸ்பிரஸ் வாசலில்தான் நின்றாள். வேன் வந்தது. முன் இருக்கையில், வெள்ளைச் சட்டையும் கையில் குறிப்பேடுமாக முதலாளி உட்கார்ந்திருந்தார்!

இரட்டையர் நின்றார்கள், ஏறினார்கள். சீப்பு அண்ணன் கலைந்த தலையோடு ஏறினான். பத்து வீடுகள் முடிந்தன. முதலாளி ஒன்றும் எழுதவில்லை.

பதினோராவது வீடு பட்டாணியின் வீடு. முதல் வகுப்பு. வேனிலேயே சின்னவள்.

வாசலில் பட்டாணி இல்லை.

வேன் மாமா ஹாரன் அடித்தார். "இதோ வந்துட்டா!" என்று பட்டாணியின் அப்பா உள்ளேயிருந்து கத்தினார்.

எக்ஸ்பிரஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம் முடிஞ்சுது. வண்டியை எடு" என்றார் முதலாளி.

வேன் மாமாவின் கை கியரில் இருந்தது. நகரவில்லை. "குழந்தைங்க ஐயா. விட்டுட்டுப் போக எனக்கு வராது."

"ஓகோ! அப்ப தினமும் இதுதான் நடக்குதா? நான் எழுதி ஒட்டினது என்ன ஆச்சு?"

இனி குனிந்து பயனில்லை. எக்ஸ்பிரஸ் எழுந்தாள். நோட்டை நீட்டினாள்.

"மாமா டீசலைத் திருடல. நாங்க வர்ற வரைக்கும் வண்டி நின்னு குடிச்சுது. இதுல எல்லார் நேரமும் இருக்கு. முதல்ல இருக்கிற நாலு நிமிஷம், அது நான்தான்."

முதலாளி நோட்டைப் புரட்டினார். முகம் இன்னும் கடுகடு என்றுதான் இருந்தது. "நிக்கும்போது அணைக்க வேண்டியதுதானே? யாரு வேண்டாம்னாங்க?"

வேன் மாமா மறுபடியும் தரையைப் பார்த்தார். முதலாளியிடம் முதலாளியின் குறையை எப்படிச் சொல்வது?

எக்ஸ்பிரஸுக்கு அப்போதுதான் அது தோன்றியது. "மாமா, ஐயா சொல்றார்ல? அணைச்சிடுங்க."

வேன் மாமா திரும்பி அவளைப் பார்த்தார். அவள் கண் சிமிட்டவில்லை. அவர் சாவியைத் திருகினார். எஞ்சின் அடங்கியது.

கதவைத் திறந்துகொண்டு பட்டாணி ஓடி வந்தாள். "பல்லு விழுந்துடுச்சு! வாஷ்பேசின்ல தேடினேன், கிடைச்சுடுச்சு!" என்று கையை விரித்து முதலாளியிடமே காட்டினாள். முதலாளி என்ன செய்வது என்று தெரியாமல், "நல்ல பல்லு" என்றார்.

"சரி, எடு" என்றார் பிறகு.

வேன் மாமா சாவியைத் திருகினார். டிக். மறுபடியும் திருகினார். டிக். அவ்வளவுதான்.

"என்ன ஆச்சு?"

"பேட்டரி, ஐயா."

"எத்தனை நாளா இப்படி?"

வேன் மாமா வாயைத் திறப்பதற்குள் இரட்டையர் சேர்ந்து சொன்னார்கள்: "அடுத்த மாசம் வந்தா ஏழு மாசம்!"

முதலாளி பின்னால் திரும்பினார். எல்லாரும் தன்னையே பார்ப்பதை உணர்ந்ததும் மெல்ல இறங்கி வேனின் பின்பக்கம் போனார். பட்டாணியின் அப்பாவும் சீப்பு அண்ணனும் கை கொடுத்தார்கள். வெள்ளைச் சட்டை முதலாளி மூச்சிரைக்கத் தள்ளினார். இருபது அடி உருண்ட பிறகு எஞ்சின் குலுங்கி எழுந்தது. அவர் சட்டை மேல் குப்பென்று கரும்புகையைக் கக்கியது. யாரும் சிரிக்கவில்லை. பட்டாணி மட்டும் சிரித்தாள், ஓட்டைப் பல்லோடு.

மாலையில் பங்க்கில் டேங்க் நிரம்பியது. முதலாளி கால்குலேட்டரைத் தட்டினார். ஒருமுறை தட்டிவிட்டு இன்னொருமுறை தட்டினார். எக்ஸ்பிரஸ் வேன் ஜன்னலில் எம்பி எம்பிப் பார்த்தாள்.

"பத்தே முக்கால்" என்றார் மெதுவாக.

வேன் மாமா சாவியை விரல்களால் தடவிக்கொண்டு நின்றார். சந்தோஷப்படலாமா கூடாதா என்று அவருக்கே தெரியவில்லை.

முதலாளி வேனுக்குள் எட்டிப் பார்த்தார். "இறங்கி வாம்மா. அன்னைக்கு நான் பேசினது உன் காதுலயும் விழுந்துச்சுல்ல? இதையும் கேட்டுக்கோ." பிறகு வேன் மாமாவிடம் திரும்பினார். "உன்னைத் திருடன்னு நினைச்சேன். தப்பு என்மேலதான். மனசுல வச்சுக்காதப்பா."

வேன் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "டீசல் புகை ஐயா, கண்ணு எரியுது" என்றார்.

வண்டி அப்போது அணைந்துதான் இருந்தது. முதலாளி அதைச் சுட்டிக்காட்டவில்லை.

எதிர்ச் சாரியில் பேட்டரிக் கடை இருந்தது. முதலாளி சாலையைக் கடந்து போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு புதுப் பேட்டரியை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்து, அடி மேல் அடி வைத்து வந்தார். உதவிக்கு ஓடிய வேன் மாமாவிடம், "தொடாதே, நான்தான் தூக்கணும்" என்றார்.

எக்ஸ்பிரஸ் முன்னால் ஓடிப்போய் வேனின் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள்.