உடனே வந்த பதில்

டாக்டர் வராத ஊருக்கு டாக்டரை வானத்திலிருந்தே இறக்குகிறோம் என்று சொல்லித்தான் என்னை அந்த மலை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். போய் இறங்கினால் ஒரே அறை, ஒரு கட்டில், சுவரில் பெரிய டிவி, கூரைமேல் டிஷ். நர்ஸ் நான் ஒருத்தி, துணைக்கு ஓர் ஆயா. எத்தனை பினாயில் ஊற்றினாலும் துரு வாடை மட்டும் போகவில்லை.

எனக்கு அதுவே போதும். கல்குவாரியில் வேலை பார்த்த என் தம்பி அந்த ஊரில்தான் இருந்தான். அம்மா போன பிறகு எனக்கென்று இருந்தது அவன் ஒருத்தன்தான்.

நகரத்து டாக்டர் டிவியில் சொல்வார், என் கை செய்யும். குறுக்குக் கேள்வி கேட்டால் நேரம் போகும், உயிரும் போகும் என்றுதான் பயிற்சி. பேச்சு செயற்கைக்கோள் வரை ஏறி இறங்குவதால், நான் கேட்டு முடித்து ஒரு மூச்சு விட்ட பிறகுதான் பதில் வரும். அவசரக்குடுக்கையான எனக்கு அந்த ஒரு மூச்சு பழகுவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

"முன்னாடி இங்கயே ஒரு டாக்டர் இருந்தாராமே?" என்று ஆயாவிடம் கேட்டேன்.

"இருந்தாரு. குவாரில அடிபட்ட ஒருத்தன் இந்தக் கட்டில்லயே செத்தான். கூட வந்தவனுங்க நாலு பேரும் சேர்ந்து டாக்டர, அந்தா, அதால அடிச்சுக் கொன்னுட்டானுங்க." குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் இரும்பு ஸ்டாண்டைக் காட்டினாள். "அந்த நாலு பேரு யாருன்னு இன்னி வரைக்கும் ஊரே வாயத் தொறக்கல. அப்புறம் எந்த டாக்டரு வருவாரு? அதான் டிவி."

"ஏன் ஆயா, என் தூக்கத்தக் கெடுக்கணும்னே பேசுறியா?" என்று சிரித்தேன். பாவி, சிரித்தேன்.

ஒரு மத்தியானம், கூரையே பறந்துவிடும்போல் காற்று. அப்போது தம்பியைத் தூக்கி வந்தார்கள். கல் உடைக்கும் மெஷின் அவன் வலது கையை மென்று துப்பியிருந்தது. எலும்பு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. கட்டிலில் போட்டதும் தூக்கி வந்தவர்கள் வாசலுக்கு ஓடிவிட்டார்கள். நான் மேல்கையில் பட்டையை இறுக்கிக் கட்டினேன். ரத்தம் நின்றது. ஆயாவை ஜீப் பிடித்துவர விரட்டிவிட்டு டிவியைப் போட்டேன்.

காற்றடித்தால் படம் வராது, குரல் மட்டும் வரும். அன்றும் அப்படித்தான்.

"கட்டு எங்க?"

"மேல்கைல, சார்."

"அவுத்து விடு."

பழகின கை, செய்துவிட்டது. ரத்தம் பீய்ச்சிச் சுவரில் அடித்தது.

"சார், நிக்கல சார்!"

"நிக்க வேணாம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வாயை மூடுமுன் பதில் வந்திருந்தது.

இந்தக் குரல் வானத்துக்குப் போகவேயில்லை.

"டிஷ்ஷு பிச்சுக்கிட்டுப் பள்ளத்துல கெடக்கு!" என்று வெளியே ஆயா அலறினாள்.

தம்பி கண் திறந்தான். "அக்கா... அந்த டாக்டர் குரல்... நாலு பேர்ல நானும் ஒருத்தன்கா... நான்தான் மொதல்ல அடிச்சேன்."

அட படுபாவி! ஆனாலும் என் தம்பி. வழுக்கும் விரல்களால் பட்டையை மறுபடி இறுக்கினேன். டிவி வயரைப் பிடுங்கி எறிந்தேன்.

ஸ்டாண்ட் தரையைவிட்டு எழுந்தது.

"விட்டுடுங்க சார்! உங்க கால்ல விழறேன்!" என்று கத்தினேன்.

"நானும் விழுந்தேன்."

தம்பிமேல் குப்புறப் படுத்து மறைத்தேன். முதல் அடியில் என் தோள் எலும்பு முறிந்தது. ஏதோ ஒன்று என் முடியைப் பற்றி இழுத்துச் சுவரில் மோதியது. அடுத்த அடிகள் எல்லாம் அவன் தலையில். "அக்கா" என்றான். அப்புறம் அடி விழும் சத்தம் மட்டும், ஈரமாக.

முகம் என்று ஒன்று மிஞ்சவில்லை. அவன் சட்டையை வைத்துத்தான் அழுதேன்.

தோள் கூடியதும் என்னையே அங்கே திருப்பி அனுப்பினார்கள். வேறு யார் வருவார்கள்? புது டிஷ் மாட்டியாயிற்று. கட்டிலில் காய்ச்சலோடு ஒரு கிழவர். திரையில் நகரத்து டாக்டரின் முகம் பளிச்சென்று தெரிந்தது.

"ஊசி போட்டுடவா சார்?"

ஒரு மூச்சு. அப்பாடா என்றிருந்தது.

"போடுங்க சிஸ்டர். பக்கத்துல நிக்கிற டாக்டர மட்டும் கொஞ்சம் நகரச் சொல்லுங்க, மறைக்குது."

"யாரு சார்?"

பதில் உடனே வந்தது. என் பிடரியில், துரு வாடையோடு.

"மிச்சம் மூணு பேரு எப்ப வருவானுங்க?"