மூன்றடிக் குழாய்

இயற்கை வள அமைச்சகத்தின் உள்விசாரணை அதிகாரியைப் பார்க்க வந்த அந்த அம்மாளின் கையில் காலிக் குடம் இருந்தது. லாரித் தண்ணீர் வரிசையிலிருந்து நேராக வந்திருந்தார்.

"வரிசையிலிருந்து தள்ளிவிட்டுட்டாங்கய்யா. உன் புருஷன் எழுதின பொய்யாலதான் எங்க கிணறெல்லாம் வத்திப்போச்சு, நீ கடைசில நில்லுன்னாங்க. என் வீட்டுக்காரர் பொய் எழுதுற ஆளே இல்லைய்யா."

அவருடைய கணவர் அமைச்சகத்தின் நீர்மட்ட அளவாளர். மாதம் தவறாமல் ஊர் எல்லையில், தரைக்கு மேல் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும் அளவுக் கிணற்றில் நிலத்தடி நீரை அளந்து வந்தவர். இரண்டு மாதங்களுக்கு முன் காய்ச்சலில் இறந்துபோனார். நீர்மட்டம் குறையவில்லை என்று சொன்ன அவருடைய கடைசி மூன்று அளவுத்தாள்களை நம்பித்தான் பக்கத்துச் சுரங்கம் தண்ணீரை இறைக்க அமைச்சகம் அனுமதி கொடுத்திருந்தது. மறுநாள் மாலை விசாரணை முடிகிறது. பழி செத்தவர் தலையில் விழப்போகிறது. செத்தவர் எழுந்து வந்து மறுக்கவா போகிறார்?

"கடைசியா எப்பம்மா அளக்கப் போனார்?" என்று கேட்டார் அதிகாரி. எதையும் நிறுத்துப் பார்த்தே பேசும் அவருக்கு அலுவலகம் வைத்திருந்த பெயர் தராசு.

"படுக்கையில விழுறதுக்கு மொத நாள் கூடப் போனார். அதுக்கு அஞ்சாறு மாசம் முன்னாடி ஏதோ வண்டி மோதி அங்க குழாய் உடைஞ்சுபோச்சு. கேட்டுக் கேட்டுப் பார்த்தார், ஆபீஸ்ல தரல. ஒரு மாசம் பொறுத்துட்டு, வீட்டுக்குன்னு வாங்கி வச்சிருந்த குழாயைத் தோள்ல தூக்கிட்டுப் போய் அவரே நட்டார்."

தராசு அந்த மூன்று தாள்களையும் வரவழைத்தார். மூன்றிலும் ஒரே கணக்கு. குழாய் வாயிலிருந்து தண்ணீர் வரை நாற்பத்து நான்கு அடி. தரைக்கு மேலே நிற்கும் குழாய் இரண்டு அடி. கழித்தால் நீர்மட்டம் நாற்பத்திரண்டு. எண்களும் ஒரு சுருக்கொப்பமும் தவிர வேறு எழுத்தே இல்லை.

ஜீப் ஓட்டுநருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தாலும் துப்பறியும் ஆசை விடவில்லை. கிணற்றுக்குப் போகும் வழியிலேயே குற்றவாளியைப் பிடித்துவிட்டார். "அளவுத்தாள் வைக்கிற அலமாரிக்கு ரெண்டே சாவி சார். ஒண்ணு பிரிவுத் தலைவர்கிட்ட, இன்னொண்ணு தபால் எழுத்தர்கிட்ட. தலைவர் பெரிய மனுஷன். எழுத்தர் முழியே சரியில்ல. முடிஞ்சது கதை!"

"முழியை வச்சுப் பிடிக்கிறதா இருந்தா உங்களைத்தான்யா முதல்ல பிடிக்கணும். அளவு நாடாவை எடுங்க."

கிணற்றடியில் ஓட்டுநர் குழாயை அளந்தார். தரையிலிருந்து வாய் வரை சரியாக மூன்று அடி. சந்தேகத்தில் இன்னொரு முறை அளந்தார். அப்போதும் மூன்றுதான்.

மறுநாள் காலை தராசு தபால் பதிவேட்டைப் புரட்டினார். பிறகு பிரிவுத் தலைவரின் அறைக்குப் போய் ஜன்னலோரக் கோப்புகளில் ஒன்றை எடுத்துக்கொண்டார். அதன் மேல் தூசி படிந்திருந்தது. கட்டிய நாடா அவிழ்க்கப்படவே இல்லை. எழுத்தர், ஓட்டுநர் எல்லோரையும் அங்கேயே வரச் சொன்னார். அந்த அம்மாள் சுவரோரம் நின்றார்.

"குழாயை நட்டவருக்கு அது மூணடின்னு தெரியும். தன் கையால நட்டதை ரெண்டடின்னு மூணு மாசம் எழுதுவாரா? அதனால இந்தத் தாள்கள் அவர் எழுதினது இல்ல. அவர் தாளை எடுத்துட்டு வேற தாள் வச்சிருக்காங்க. சாவி உங்க ரெண்டு பேர்கிட்டதான்."

எழுத்தரின் முகம் வெளுத்தது. ஓட்டுநர் அவரையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"பயப்படாதீங்க," என்றார் தராசு அவரிடம். "அளவாளர் மூணு கடிதம் கொடுத்திருக்கார். மூணையும் நீங்கதான் படிச்சுப் பதிஞ்சிருக்கீங்க. கடைசிக் கடிதத்துக்கு நேரா உங்க கையெழுத்துலயே இருக்கு: 'அளவுக் குழாய் மூன்றடியாக மாற்றப்பட்டது, பிரிவுத் தலைவர் பார்வைக்கு.' நீங்க பொய்த்தாள் எழுதியிருந்தா மூணுன்னுதான் எழுதியிருப்பீங்க."

அவர் கோப்பின் நாடாவை அவிழ்த்தார். மூன்று கடிதங்களும் மடிப்புக் கலையாமல் இருந்தன.

"பழைய குழாய் இருந்தப்போ எழுதின தாளைப் பார்த்து ரெண்டடின்னு எழுதினவர், இந்தக் கோப்பைப் பிரிக்காதவர். குழாய் வேணும்னு ஒரு மனுஷன் ரெண்டு தடவை கெஞ்சியிருக்கார், மூணாவதுல தானே நட்டுட்டதா எழுதியிருக்கார் சார். ஒரு தடவை பிரிச்சுப் பார்த்திருந்தா நீங்க மாட்டியிருக்க மாட்டீங்க."

பிரிவுத் தலைவர் நாற்காலியில் தளர்ந்து உட்கார்ந்தார். "தண்ணி இருக்குன்னு அமைச்சர்கிட்ட முன்னாடியே வாக்குக் கொடுத்துட்டேன். அவர் தாள்ல மாசம் நாலஞ்சு அடி இறங்கிட்டே வந்துச்சு. நான் என்ன செய்ய?"

"இறங்குதுன்னு சொல்லியிருக்கலாம்," என்றார் அந்த அம்மாள். "அவர் சொன்னாரே."

அன்றே இறைப்புக்குத் தடை போடப்பட்டது. ஜீப்பில் ஏறும்போது அந்த அம்மாள் கேட்டார்: "இனி கிணத்துல தண்ணி வருமாய்யா?"

"உடனே வராதும்மா. ஊற வருஷங்கூட ஆகலாம்."

"அப்ப தெருவுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

லாரி வரிசையின் முன் நின்று தராசு உள்ளதைச் சொன்னார். அளவாளர் எழுதியது உண்மை. அதை மாற்றி எழுதியது அமைச்சகத்தின் ஆள். இது அமைச்சகத்தின் தவறு. எழுத்தரை வீணாகச் சந்தேகப்பட்ட ஓட்டுநரும் தலையைத் தொங்கப்போட்டு நின்றார்.

வரிசையின் நடுவில் ஒரு பெண் குனிந்து தன் குடத்தைப் பின்னுக்கு இழுத்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவளும் இழுத்தாள்.

"இங்க வைங்கக்கா," என்றாள் முதல் பெண்.