குழி விழுந்த கொட்டை

"வண்டியைத் திருப்பு, மாசிலாமணி!"

"முடியாது அண்ணி! காணாமப் போனது எங்கண்ணன். எங்க தேடணும்னு எனக்குத் தெரியும்!"

ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் ஒரு வறண்ட ஓடை இரண்டாகப் பிரியும் இடம். ஜீப் நின்றதுமே ஈக்கள் கண்ணையும் மூக்கையும் மொய்த்தன. அந்தப் பாழாய்ப்போன மண்ணுக்கு மனிதர்களைக் கண்டாலே ஆகாது!

சந்தன விதை சேகரிக்க முகாமிலிருந்து போன வேதாசலம் நேற்று சாட்டிலைட் போனில் சொன்னது இவ்வளவுதான்: "கால் உடைஞ்சிருச்சு. ஓடைக்கரையில சந்தன மரத்தடியில கிடக்கேன்." அதோடு தொடர்பு அறுந்தது. மீட்புப் படை வர நாளையாகும். அதுவரை உயிர் தாங்காது என்று அவர் மனைவி தையல்நாயகியும் தம்பி மாசிலாமணியும் கிளம்பிவிட்டார்கள். ஒரு கிளைக்குப் போய்த் திரும்பத்தான் டீசல் இருந்தது.

இடப்பக்கக் கரை மரங்களில் செக்கச்செவேலென்று பழங்கள். வலப்பக்கம் தோல் காய்ந்த பழுப்புக் காய்கள்.

"நம்ம ஜவ்வாது மலையில சந்தனப் பழம் சதைப்பத்தா இருக்கும், குருவி கொத்தும். அப்போ சிவப்புதான் சந்தனம். அந்தக் காஞ்ச சனியன் இல்ல!" என்றான் மாசிலாமணி.

தையல்நாயகி குதித்து ஓடினாள். இரு கரையிலும் உதிர்ந்த கொட்டைகளைப் பொறுக்கி வந்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாருடா! சிவப்புப் பழத்துக் கொட்டை பூராக் குழி. இது குவாண்டாங். சந்தனத்துக்குப் பங்காளி, அவ்வளவுதான். வழவழன்னு இருக்கே, இதுதான் இந்த நாட்டுச் சந்தனம். உங்கண்ணன் மாத்திச் சொல்ற ஆளா?"

"படிச்ச திமிரு! நீங்க சொல்றது தப்பாப் போனா அண்ணன் செத்துருவாரு!"

"செத்தா தாலி அறுக்கறவ நான்டா!"

மாசிலாமணி பல்லைக் கடித்துக்கொண்டு வலப்பக்கம் திருப்பினான். இரண்டு முறை மணல் சக்கரங்களை விழுங்கியது. கையாலேயே தோண்டினார்கள், நகம் பெயர்ந்தது. அவனுக்கு அவள்மேல் ஆத்திரம், அவளுக்கோ பயம்.

நான்காவது வளைவில் வேதாசலம் கிடந்தார். உதடு வெடித்திருந்தது, மூச்சு இருந்தது!

தண்ணீர் உள்ளே போனதும் கண் திறந்தார். "எப்படிடா கண்டுபிடிச்ச?"

"நான் எங்க கண்டுபிடிச்சேன்? அண்ணிதான். என் இஷ்டப்படி போயிருந்தா உன்னைக் கொன்னிருப்பேன்," என்று மாசிலாமணி ஓவென்று அழுதான்.

"அழுதது போதும், தூக்கு!" என்று அதட்டினாள் தையல்நாயகி.

பொழுது சாயுமுன் முகாமே திரண்டு வந்து அவர்களைக் கொண்டாடியது. தன் ஊர் மரத்தை வைத்து உலகத்து மரத்தையெல்லாம் அளக்கக் கூடாது என்று மாசிலாமணிக்குப் புரிந்தது. அதற்காக அண்ணியோடு சண்டை போடுவதை அவன் விடவில்லை. வழி எது என்று அவளிடம் கேட்டுக்கொண்டு, அந்த வழியில் போய்க்கொண்டே சண்டை போட்டான்.